நாணயம் சேர்ப்போர் நாடுவது யாது?

கடைக்காரர் வாங்க மறுக்கும் காசொன்றை, அதன் முகவிலையினும் பன்மடங்கு கொடுத்து விரும்பி வாங்குவோர் உலகில் உளர். அக்காசினால் ஒரு கொத்து அரிசியும் வாங்க முடியாது. அதை வெளியிட்ட அரசனும் இல்லை; அவனுடைய அரசும் இல்லை. எனினும், நாணயம் சேர்ப்போர் அதனைப் பஞ்சில் பொதிந்து பேழையில் வைத்துப் போற்றுவர். அவர்கள் அதில் நாடுவது யாது என்னும் வினா ஆராய்தற்குரியது.

நாணயத்திற்கு இருவகை மதிப்பு உண்டு. ஒன்று, அரசு கொடுக்கும் மதிப்பு. அரசின் ஆணை செல்லும் வரையில் அது செல்லும். ஆணை நின்றவுடன் அதுவும் நின்றுவிடும். மற்றொன்று, காலம் கொடுக்கும் மதிப்பு. அஃது அரசு அழிந்த பின்னரே வளரத் தொடங்குகின்றது. நாணயம் சேர்ப்போர் இந்த இரண்டாவது மதிப்பையே நாடுகின்றனர். ஆயினும், அவர்கள் அனைவரும் ஒரே வழியில் அதனை நாடுவதில்லை. இலங்கையில் வழங்கிய காசுகளை மட்டுமே எடுத்துக்கொண்டாலும், அவ்வழிகள் பலவற்றைத் தெளிவாகக் காணலாம்.

முதலாவது, நிறைவை நாடுவோர். ஒரு வரிசையை எடுத்துக்கொண்டு, அதில் ஓர் ஆண்டும் குறையாமற் சேர்த்து முடிப்பதே இவர்களது இன்பம். இலங்கையில் நூறு சதம் கொண்ட ரூபாய் முறை 1872ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அதற்கென அடிக்கப்பெற்ற செப்புக் காசுகள் 1870ஆம் ஆண்டைத் தாங்கியவை. கால் சதம், அரைச் சதம், ஒரு சதம், ஐந்து சதம் என அவை நால்வகைப்பட்டன. அவற்றின் ஒருபுறத்தில் விக்டோரியா இராணியாரின் தலையும், மறுபுறத்தில் பனையினத்து மரமொன்றும், மரத்தின் இருமருங்கிலும் சிங்களத்திலும் தமிழிலும் பொறித்த எழுத்துக்களும் உள்ளன. 1892இல் பத்துச் சதம், இருபத்தைந்து சதம், ஐம்பது சதம் ஆகிய வெள்ளி நாணயங்கள் வந்தன. பெரிய செப்பு ஐந்து சதத்தின் இடத்தில், 1909இல், நாற்சதுர வடிவான சிறிய ஐந்து சதம் தோன்றியது. இரண்டாம் உலகப் போரின்போது வெள்ளி அருமையாகவே, 1943இல் இருபத்தைந்து சதமும் ஐம்பது சதமும் நிக்கற் பித்தளையில் வார்த்தடிக்கப்பட்டன.

இவ்வாறு வரிசையாக அடுக்கிவைப்பதனாற் பயன் யாது எனச் சிலர் வினவலாம். பயன் உண்டு. ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் காலத்து நாணயங்கள் இரண்டை அருகருகே வைத்து நோக்குக. முந்தியவற்றில், மன்னரின் பெயரோடு இந்தியாவின் பேரரசர் என்னும் விருதும் பொறிக்கப்பட்டிருக்கும். 1951ஆம் ஆண்டு நாணயத்தில் அவ்விருது இல்லை. தலையும் ஒன்றே, முகமும் ஒன்றே. சில சொற்கள் மாத்திரம் மறைந்துவிட்டன. இந்தியா 1947இலும் இலங்கை 1948இலும் சுதந்திரம் எய்திய செய்தியை ஒரு சிறு வட்டத்தின் ஓரம் சொல்லிவிடுகின்றது. அதன்பின் வந்த இரண்டாம் எலிசபெத் இராணியாரின் தலை, இலங்கையின் அன்றாட நாணயங்களில் இரண்டு சதம் ஒன்றிலேயே, 1955ஆம், 1957ஆம் ஆண்டுகளில் இடம்பெற்றது. 1963இல் வந்த புதிய நாணயங்களில் முடிமன்னர் தலை அறவே நீங்கி நாட்டின் இலச்சினை வந்தமர்ந்தது. தனிக்காசு ஒன்று ஒரு சொல் எனின், வரிசை ஒரு வாக்கியமாகும். நிறைவை நாடுவோர் வாக்கியத்தில் ஒரு சொல்லும் குறைதல் கூடாது என்று அலைகின்றனர்.

இரண்டாவது, வடிவை நாடுவோர். நாணயம் என்றவுடன் வட்டமான தகடு ஒன்றே பலர் நினைவுக்கு வரும். ஆனால், கண்டி இராச்சியத்திலே தூண்டில் போன்ற வடிவில் வளைத்த வெள்ளிக் கம்பி நாணயமாக வழங்கியது. அதன் மூலம் இலாரின் எனப்படும் வெள்ளிக் காசு. பாரசீக நாட்டிலுள்ள லார் என்னும் நகரின் பெயரே அதற்கு அமைந்தது. பாரசீகக் குடாக் கடலிலிருந்து இந்தியாவின் மேற்குக் கரையும் மாலைதீவும் இலங்கையும் வரையில் வணிகர் கைமாற்றிய காசு அது. பிற இடங்களில் இரண்டாக மடித்த நேர்க்கம்பியாக வழங்கிய அக்காசு இலங்கையில் கொக்கி வடிவு பெற்றது.

1660ஆம் ஆண்டு கண்டியரசனாற் சிறைப்பிடிக்கப்பட்டு, ஏறக்குறைய இருபது ஆண்டுகளை அந்நாட்டிற் கழித்து, 1679இல் தப்பியோடிய ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தமது நூலில் இக்காசைப் பற்றிக் கூறியிருக்கின்றார். தூண்டில் வடிவான அக்காசை அரசனது அனுமதியோடு எவரும் செய்துகொள்ளலாம் என்றும், தாம் விரும்பிய அடையாளத்தை அதிற் பொறித்துக்கொள்ளலாம் என்றும் அவர் எழுதுகின்றார். காசடிக்கும் உரிமையை எந்த அரசனும் எளிதிற் பிறர்க்கு விட்டுக்கொடுப்பதில்லை. இங்கோ, முத்திரையிலும் வெள்ளியின் நிறையிலேயே மக்கள் நம்பிக்கை வைத்திருந்தனர் என்பது புலனாகின்றது. அந்தக் கொக்கியைக் கையில் எடுப்பவர் விநோதமான ஒரு வடிவத்தை மட்டும் காண்பதில்லை. வேறொரு விதமான பொருளாதாரத்தையும் காண்கின்றார்.

மூன்றாவது, அருமையை நாடுவோர். பழமையும் அருமையும் ஒன்றெனப் பலர் மயங்குவர். அஃது அவ்வாறன்று. கி.பி. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த உரோமப் பேரரசர்களின் சிறிய செப்புக் காசுகள் இலங்கையிற் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. அவற்றைப் பார்த்து இங்கேயே செய்துகொண்ட போலிப்படிகளும் ஏராளம். ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பழமை உடையனவாயினும், எளிதிற் கிடைப்பதனால் தேய்ந்த காசுகளுக்குப் பெருவிலை இல்லை. ஒரு நாணயத்தின் அருமையைத் தீர்மானிப்பவை மூன்று: எத்தனை அடிக்கப்பட்டன, எத்தனை எஞ்சின, எத்தனை பேர் தேடுகின்றனர் என்பவையே அவை.

பொலன்னறுவைக் காலத்துச் செப்புக் காசுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அக்காசுகளின் ஒருபுறத்தில் நிற்கும் உருவமும், மறுபுறத்தில் அமர்ந்த உருவமும், அதனருகே நாகரி எழுத்தில் அரசர் பெயரும் காணப்படும். இவ்வமைப்பு முதலாம் இராசராச சோழனின் காசுகளிலும் உண்டு. சோழராட்சியை அகற்றிய சிங்கள வேந்தரும் சோழர் காசின் அமைப்பை விட்டுவிடவில்லை. மக்களின் கைகள் பழகிவிட்ட காசை மாற்றுதல் எளிதன்று என்பதை அவர்கள் உணர்ந்திருத்தல் வேண்டும். இவ்வரிசையிற் பராக்கிரமபாகுவின் காசு தாராளமாகக் கிடைப்பது. அவனுடைய தேவியரில் ஒருத்தியான லீலாவதி, அவன் மறைந்த பின்னர், 1197ஆம் ஆண்டு தொடங்கி மும்முறை அரியணை ஏறி மும்முறையும் இறக்கப்பட்டவள். அவளுடைய பெயரிலும் காசு உண்டு. அதில் ஸ்ரீ ராஜ லீலாவதி என்று பொறித்திருக்கின்றது. இராணி என்னாது அரசர்க்குரிய ராஜ என்னும் விருதையே அவள் பூண்டாள். உருவமும் முன்னைய வேந்தர் காசிலுள்ள அதே உருவந்தான். பெண்ணொருத்தி நாடாண்டதற்குச் சான்றாக உள்ளங்கையில் அடங்கும் செப்புத் துண்டொன்று கிடைக்குமாயின், அதனைத் தேடுவோர் பலராதல் இயல்பன்றோ?

நான்காவது, இடத்தை நாடுவோர். தம் ஊரின் பெயரையோ அடையாளத்தையோ தாங்கிய காசை இவர்கள் விரும்புவர். ஒல்லாந்தர் இலங்கையின் கரைநாடுகளை ஆண்ட காலத்தில், அவர்களது கிழக்கிந்தியக் கும்பனியின் எழுத்திலச்சினை பொறித்த சிறு செப்புக் காசுகள் நெதர்லாந்திலிருந்து கப்பலில் வந்தன. டொயிட் என்னும் அவற்றின் பெயரே நம் மொழியில் துட்டு என வழங்குகின்றது என்பர். கும்பனியின் கடைசி ஆண்டுகளில், உள்ளூரிலேயே தடித்த செப்புத் துண்டுகளை ஸ்ரைவர்க் காசுகளாக அடித்தனர். கொழும்பில் அடித்தவற்றில் சி என்னும் உரோம எழுத்தும், காலியில் ஜி என்பதும், யாழ்ப்பாணத்தில் ஐ என்பதும், திருகோணமலையில் ரி என்பதும் பொறிக்கப்பட்டன. இந்நான்கும் பார்வைக்கு அழகில்லாதவை, விளிம்பு ஒழுங்கில்லாதவை. ஆயினும், இந்நான்கையும் ஒருங்கே வைத்திருப்பவர் ஒல்லாந்தர் ஆட்சியின் நாற்றிசைக் கோட்டைகளையும் கையில் வைத்திருப்பவராவர். பின்வந்த ஆங்கிலேயர் 1801 முதல் வெளியிட்ட றிக்ஸ்டொலர் வரிசைக் காசுகளில் யானையின் உருவத்தைப் பொறித்தனர். இலங்கைக் காசு என்று எவரும் கண்டவுடன் அறிவதற்கு அதனினும் சிறந்த அடையாளம் வேறில்லை.

ஐந்தாவது, வரலாற்றை நாடுவோர். முற்கூறிய நால்வகையினரும் ஈற்றில் வந்து சேரும் இடம் இதுவே எனலாம். ஒரு காசு வரலாற்றுக்கு எவ்வளவு உதவும் என்பதற்குச் சேதுக் காசே தலைசிறந்த சான்று.

சேதுக் காசு செம்பினாலானது. அதன் ஒருபுறத்தில், பொலன்னறுவைக் காசிற் காண்பது போல, நிற்கும் உருவம் உண்டு. மறுபுறத்திலே, படுத்திருக்கும் நந்தியும், மேலே பிறைமதியும், கீழே சேது என்னும் தமிழ்ச் சொல்லும் காணப்படும். இரண்டு எழுத்துக்களுக்கு மேல் அதில் இல்லை. அரசனின் பெயர் இல்லை, ஆண்டும் இல்லை. ஆகவே, இதனை அடித்தவர் யார் என்னும் ஐயம் நெடுங்காலம் இருந்துவந்தது. சேது என்றமையால், இராமநாதபுரத்துச் சேதுபதிகளின் காசு இது என்று கொண்டோரும் உளர்.

1920ஆம் ஆண்டு, நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர், யாழ்ப்பாண மன்னரின் மறக்கப்பட்ட காசுகளைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டு, இவை யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளுடையவை என வாதித்தார். 1924இல் கொட்றிங்டன் இலங்கை நாணயங்களைப் பற்றி எழுதிய பெருநூலிலும் சேதுக் காசுகள் இடம்பெற்றன. முதலியார் செ. இராசநாயகமும் 1926இல் வெளியிட்ட தமது பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய ஆங்கில நூலில் யாழ்ப்பாண மன்னரின் வரலாற்றை விரித்தெழுதினார். இக்கொள்கைக்குத் துணைநின்ற காரணங்கள் பல. ஆரியச் சக்கரவர்த்திகள் சேதுகாவலர் என்னும் விருதைப் பூண்டவர்கள். அவர்களது கொடியில் நந்தி இருந்தது. கேகாலைப் பகுதியிலுள்ள கொட்டகமத்தில், ஆரியச் சக்கரவர்த்தியின் வெற்றியைப் பாடும் தமிழ்க் கல்வெட்டும் சேது என்னும் சொல்லோடுதான் தொடங்குகின்றது. இவற்றோடு, அக்காசுகள் எங்கே கிடைக்கின்றன என்பதும் ஒரு பெருங் காரணமாயிற்று. யாழ்ப்பாணக் குடாநாட்டு மண்ணில் அவை மிகுதியாகக் கிடைத்தன.

இது எவ்வளவு பெரிய செய்தி என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். 1619இல் போர்த்துக்கீசர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். நல்லூரின் கோயிலும் அரண்மனையும் அழிந்தன. யாழ்ப்பாண வைபவமாலை போன்ற நூல்கள் அரசு வீழ்ந்து ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், ஒல்லாந்தர் காலத்தில் எழுந்தவை. அம்மன்னர் நாட்டிய கல்வெட்டுக்களோ மிகச் சில. இந்நிலையில், அவர்கள் காலத்திலேயே, அவர்களது ஆணையினாலேயே செய்யப்பட்டு, குடிமக்களின் மடியிலும் முடிப்பிலும் இருந்து வந்த சான்றாக எஞ்சுவது அந்தச் செப்புக் காசு. ஏடு எரியும், கட்டடம் இடியும், புதைந்த காசோ ஓர் உழவன் மண்வெட்டிக்காகக் காத்திருக்கும்.

ஆயின், இத்தகைய சான்றைப் பெரும்பாலும் கெடுப்பவர் பகைவரல்லர். அறியாது செய்யும் சிறு செயல்களே அதனைக் கெடுக்கின்றன.

தோட்டத்திற் கிடைத்த காசு பச்சைபூத்துக் கிடக்கின்றது. வீட்டிலுள்ளோர் அதனைப் பழப்புளியிட்டுத் தேய்த்துக் குத்துவிளக்கைப் போலப் பளபளக்கச் செய்கின்றனர். களிம்போடு எழுத்தின் விளிம்பும் போய்விடுகின்றது. நாணயம் சேர்ப்போர் களிம்பைக் கண்டு அஞ்சுவதில்லை. செம்மையாகப் படிந்த களிம்பு காலம் போர்த்த போர்வை. உள்ளிருக்கும் உருவத்தை அது காக்கின்றது. இன்னுஞ் சிலர், காசிலே துளையிட்டு வளையம் கோத்துக் குழந்தையின் அரைஞாணிற் கட்டுவர். அல்லது தட்டாரிடம் கொடுத்து உருக்குவிப்பர். தங்கக் காசுகள் அரியனவாய்ப் போனமைக்கு அத்தங்கமே காரணமாயிற்று. ஆங்கிலேயரின் தங்கப் பவுண் காசு கழுத்தணியிற் கலந்து மறைந்தபின், அதன் நிறை மட்டும் பவுண் என்னும் அளவுப் பெயராக இன்றும் நம்மிடையே வழங்குகின்றது.

இவற்றினும் பெரிய கேடு ஒன்றுண்டு. அது காசைக் கண்ட இடம் மறந்துபோதல். தென்னிலங்கையில் திசமாறகமவை அடுத்த அக்குறுகொடவில், சிறிய ஈயக் காசுகள் பல வெளிவந்தன. பிராமி எழுத்திற் பெயர்கள் பொறித்த அக்காசுகளில், தமிழ்ப் பெயர்கள் சிலவற்றையும் அறிஞர் வாசித்திருக்கின்றனர். 1999ஆம் ஆண்டு ஒஸ்மண்ட் போபேஆராச்சியும் ராஜா விக்கிரமசிங்கவும் வெளியிட்ட உறுகுணை பற்றிய நூலினால் இக்காசுகள் உலகறிய வந்தன. கொட்றிங்டன் காணாத ஒரு வரிசை இவ்வாறு தெரியவந்தது. காசு சேர்ப்போர் இல்லையேல், அவற்றிற் பல பழைய ஈயத்தோடு ஈயமாகக் கலந்து அழிந்திருக்கவும் கூடும். அந்த அளவில் அவர்களுக்கு வரலாறு கடமைப்பட்டுள்ளது. எனினும், முறையான அகழ்வின்றி வெளிவந்த காசிலே ஒரு குறை எப்பொழுதும் தங்கிவிடும். அஃது எந்த ஆழத்திற் கிடந்தது, எந்த மட்பாண்டத்தோடு கிடந்தது, அதனருகே வேறு எக்காசு கிடந்தது என்பவற்றை அறியும் வழி இல்லை. காசு பேசும், ஆனால், அது பேசிய சூழல் இல்லையாயின், பாதிப் பேச்சுத்தான் விளங்கும். சேதுக் காசின் வழக்கிலே, கிடைத்த இடமும் ஒரு சாட்சியாக நின்றது என்பதை இங்கு நினைத்தல் வேண்டும்.

ஆகவே, நல்ல சேகரிப்பாளரை மற்றவரிடமிருந்து பிரித்தறிவதற்கு அவரது பேழையின் பாரத்தை நிறுத்துப் பார்க்க வேண்டுவதில்லை. பேழையோடு ஒரு கொப்பி இருக்கின்றதா என்று பார்த்தாற் போதும். எந்த ஊரில், எவ்வாண்டில், யார் வழியாக, எதனோடு சேர்ந்து கிடைத்தது, நிறை எவ்வளவு, குறுக்களவு எவ்வளவு என்பவற்றை எழுதிவைப்பவர் நாட்டின் வரலாற்றுக்குத் தொண்டு செய்கின்றார். எழுதாது பூட்டிவைப்பவர், தமக்குப்பின் வருவோரிடம் உலோகத்தை மட்டுமே விட்டுச்செல்கின்றார். போர்க்காலத்து இடப்பெயர்வுகளின்போது எத்தனையோ குடும்பங்கள் பெட்டகங்களை விட்டுவிட்டு உயிரோடு மட்டும் வெளியேறின. அவற்றோடு போன காசுகளை மீட்க வழியில்லை. ஆனால், ஒரு காசின் விபரம் இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருக்குமாயின், காசு போனாலும் அது சொன்ன செய்தி போகாது.

சட்டமும் இவ்விடயத்திற் கருத்தாயிருக்கின்றது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் பழம்பொருள்களைக் காப்பதற்கென ஏற்பட்டது. புதையலாகக் கிடைக்கும் பழங்காசுகளை அதிகாரிகளுக்கு அறிவித்தலும், அனுமதியின்றி அவற்றை நாட்டைவிட்டுக் கொண்டுசெல்லாமையும் அதன்வழி வந்த கடமைகள். புதியதாய்ச் சேர்க்கத் தொடங்கும் இளைஞர்க்குப் பழங்காலத்துப் பொற்காசோ கொக்கிக் காசோ வேண்டுவதில்லை. போலிகள் மலிந்த அத்துறையில் முதலிற் புகுந்தோர் ஏமாறுதலே பெரும்பான்மை. வீட்டு உண்டியலிலும் பாட்டியாரின் வெற்றிலைப் பெட்டியிலும் கிடக்கும் சதக்காசுகளிலிருந்து தொடங்குதலே சாலச் சிறந்தது. 1870இன் பனைமரக் காசும், நாற்சதுர ஐந்து சதமும், 1957இல் புத்த ஜெயந்தியை முன்னிட்டு வந்த ஒரு ரூபாயும் பல வீடுகளில் இன்றும் உறங்குகின்றன. 1877இல் நிறுவப்பெற்ற கொழும்பு நூதனசாலைக்குச் சென்று, அங்குள்ள காசுகளை நோக்கிக் கண்ணைப் பழக்கிக்கொள்வதும் செலவு குறைந்த கல்வி.

நேயர்களின் வீடுகளிலும் இத்தகைய காசு ஒன்றேனும் இருத்தல் கூடும். அதைப் புளியிட்டுத் துலக்குவதற்கு முன்னர், அது வந்த வழியை அறிந்த முதியவர் எவரேனும் அவ்வீட்டில் உளராயின், அவரைக் கேட்டு அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி அதனோடு வைத்துவிடுவது நன்று. காசு இன்னும் பல நூறு ஆண்டு இருக்கும்; அவர் அறிந்த செய்தியோ அவர் இருக்கும் வரையிற்றான் இருக்கும்.